பத்து நிமிடம் தாங்குமா உங்கள் பீரோ?

செம்புக்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் அணு வகைகள், இரண்டு உண்டு. வெள்ளிக்கும் இரண்டு. ஈயத்துக்கு நான்கு. இயற்கையில் கிடைக்கும் தங்கத்துக்கோ தங்கம்-197 என்ற ஒன்றே ஒன்றுதான். ஈயத்தில் அந்த நான்கும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளந்து, அது எந்தப் பகுதித் தாதுவிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஊகித்துவிடுவார்கள். தங்கத்தில் அதற்கு வழியே இல்லை. சுரங்கத் தங்கத்தோடு ஒட்டிவரும் பிற தனிமங்களை லேசரால் ஆவியாக்கி அளந்து, திருட்டுத் தங்கம் எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்று கண்டறியும் முறை தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. சுத்திகரிக்காத தங்கத்தில்தான் அது பலிக்கும். நம் வீட்டுச் சங்கிலி, சுத்திகரித்த தங்கத்தில் செம்பும் வெள்ளியும் சேர்த்துச் செய்தது. 22 காரட் நகை உருக ஏறக்குறைய ஆயிரம் டிகிரி செல்சியஸே போதும். இரண்டு வீட்டு நகைகள் ஒரே மூசையில் உருகிக் கலந்துவிட்டால், எது யாருடையது என்று எந்த ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நகைத் திருட்டில் நேரம் முக்கியமாவதற்குக் காரணம் இதுதான். முழு நகையாக இருக்கும்வரை அதற்கு ஓர் அடையாளம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், விற்பனைக்கு வரும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கட்டாயம். ஹெச்.யு.ஐ.டி. என்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால், என்ன வகை நகை, எவ்வளவு தூய்மை, எந்த மையத்தில் சோதித்தது என்ற விவரம் வரும். அடகுக்கடையில் ஒரு வளையல் பிடிபட்டால் இந்த ஆறு இலக்கம் பெரிய சாட்சி. இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். அம்மா காலத்து நகைகளில் இந்தக் குறியீடு இருக்காது. அவற்றை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கிராம் கணக்கை மில்லிகிராம் வரை குறித்துக்கொள்ளலாம். தோட்டின் திருகாணி, சங்கிலியில் எப்போதோ அறுந்து பற்றவைத்த கண்ணி, மாற்றிப் பதித்த ஒரு கல் ஆகியவற்றைத் தனியாகக் கிட்டத்தில் படம் எடுங்கள். அந்தப் படங்களின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே யாரிடமாவது இருக்க வேண்டும்.

உருகிய பிறகு இவை எதுவும் உதவாது. அதனால் திருடனைத் தாமதப்படுத்துவதுதான் பாதுகாப்பின் முழு வேலையும். பெட்டகத் தொழிலில் இருப்பவர்கள் உடைக்க முடியாத பெட்டி என்று எதையும் சொல்வதில்லை. எத்தனை நிமிடம் தாங்கும் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் தரும் டி.எல்.-15 சான்றுக்குப் பொருள், கைதேர்ந்த சோதனையாளர்கள் துளைப்பான், உளி, நெம்புகோல் எல்லாம் கொண்டு தாக்கியும் கதவு 15 நிமிடம் தாங்கியது என்பது. கருவி கதவின் மேல் வேலை செய்யும் நேரம் மட்டுமே கணக்கு. மூச்சு வாங்கும் நேரம் சேராது. டி.எல்.-30 என்றால் 30 நிமிடம். நம் நாட்டிலும் பெட்டகங்களுக்கு ஐ.எஸ். 550 என்ற தரம் உண்டு. கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்தத் தரச் சான்று இருக்கிறது?” என்பது. “ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும் சார்” என்பது அதற்குப் பதில் இல்லை.

இந்த நிமிடக் கணக்கு 1851-இல் உலகறிய அரங்கேறியது. லண்டன் பெருங்காட்சிக்கு வந்திருந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், இங்கிலாந்து மிகவும் நம்பியிருந்த சப் நிறுவனத்தின் லீவர் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் சாவி இல்லாமல் திறந்தார். அடுத்து, திறந்து காட்டுபவருக்கு 200 கினி என்று அறிவித்துப் பல பத்தாண்டுகளாகக் கடை ஜன்னலில் வைத்திருந்த பிராமா பூட்டு. அதற்கு 16 நாள்களில் 51 மணி நேரம் செலவிட்டார்; அதுவும் திறந்தது. லீவர் பூட்டுக்குள் வரிசையாகத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சாவியின் ஒரு பல் துல்லியமான உயரத்துக்குத் தூக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. தகடுகள் கூடக் கூடத் திறக்கும் நேரமும் கூடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையும் கையால் அராவிச் சேர்த்த இந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

ஆனால் நம் ஊரில் பூட்டை உடைத்துத் திருட்டு என்று செய்தி வரும்போது, பல சமயம் பூட்டு முழுசாகவே தொங்கும். பெயர்ந்து வந்தது கொண்டி. ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையின் முனையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் தாங்குபுள்ளி அமைந்தால், கையின் விசை ஏறக்குறைய 40 மடங்காகிறது. 30 கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே மறுமுனையில் 1,200 கிலோ. அரை அங்குல மரத்திருகில் நிற்கும் கொண்டி இதற்கு எம்மாத்திரம்? எட்டு லீவர் பூட்டு வாங்குபவர், கதவின் மறுபக்கம் வரை ஊடுருவி நட்டு போட்டு முறுக்கும் போல்டுக்கும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும்.

பீரோவுக்கு வருவோம். கல்யாணச் சீரில் வந்து ஐம்பது வருடம் வீட்டோடு இருக்கும் அந்த இரும்பு பீரோவின் தகடு, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். உள்ளே இருக்கும் ‘சீக்ரெட் லாக்க’ரும் அதே தகடு. ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் திறன் அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஆறு மடங்கானால் 216 மடங்கு. ஆறு மில்லிமீட்டர் தகட்டுப் பெட்டகத்துக்கும் பீரோவுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. பீரோ துணிமணிக்கும் பட்டுப்புடவைக்கும் நல்ல இடம். அதன் சாவியைப் பீரோவின் தலையிலோ மெத்தைக்கு அடியிலோ வைத்தால் அந்தச் சில நிமிடத் தாமதம்கூட மிஞ்சாது.

பெட்டகம் வாங்கப் போகும் பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தீயைத் தாங்கும் பெட்டியும் திருடனைத் தாங்கும் பெட்டியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் தேவையான பொருள்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. திருடனைத் தடுக்கக் கனமான எஃகு வேண்டும். எஃகோ வெப்பத்தை நன்றாகக் கடத்தும். வெளியே எரியும் தீயின் சூடு சீக்கிரம் உள்ளே வந்துவிடும். தீயைத் தடுக்கும் பெட்டியில் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஜிப்சம் போன்ற கலவையை நிரப்புகிறார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதன் படிகத்துக்குள் கட்டுண்ட நீர். சூடு ஏறி நூறு டிகிரியைத் தாண்டும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறும். அதற்கான வெப்பத்தைத் தீயிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்த நீர் தீரும்வரை உள்ளே வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். பரவலான ஒரு தரச்சான்று, குறிப்பிட்ட நேரத்துக்கு உட்புறம் 177 டிகிரியைத் தாண்டாது என்று உறுதி தருகிறது. காகிதம் கருகாமல் இருக்க அது போதும். ஆனால் அந்த மெல்லிய தகட்டையும் கலவையையும் ஒரு சுத்தியலும் உளியும் எளிதில் பிளந்துவிடும். ‘ஃபயர் புரூஃப்’ என்ற ஒட்டுத்தாளை நம்பி நகையை வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீயில் நகைக்கு என்ன ஆகும் என்பது நகையைப் பொறுத்தது. தூய தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். முழுதாகப் பற்றிக்கொண்ட ஓர் அறையில் 600 டிகிரியிலிருந்து ஆயிரம் வரை போகலாம். கண்ணிகளைப் பற்றவைத்த பொடி தங்கத்துக்கு முன்பே உருகும். உருகாவிட்டால் அதைக் கொண்டு பற்றவைத்திருக்கவே முடியாது. சங்கிலி துண்டுதுண்டாகலாம், தங்கம் எங்கும் போகாது. வைரத்தின் கதை வேறு. அது கார்பன். 1772-இல் லவாய்சியே பெரிய லென்ஸால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தே காட்டினார். கடும் தீயில் வைரத்தோட்டின் மேற்பரப்பு வெளுத்து மங்கும்; மறுபடி பட்டை தீட்டி எடைக் குறைவோடு மீட்கலாம். முத்தும் பவளமும் பாவம். இரண்டும் கால்சியம் கார்பனேட். முத்தின் அடுக்குகளைப் பிணைத்திருப்பது புரதம். எரிய வேண்டாம், நன்றாகச் சூடானாலே முத்து பழுப்பேறி வெடிக்கும்.

ஜிப்சம் பெட்டிக்குச் சாதாரண நாளிலும் ஒரு குணம் உண்டு. உள்ளே ஈரம் தங்கும். வெள்ளிக் கொலுசு கறுக்கும், பத்திரம் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள், சிலிக்கா ஜெல் போடுங்கள். முத்து இருந்தால் சிலிக்கா ஜெல் கூடாது. முத்தின் உள் ஈரமும் வற்றி விரிசல் விடும். அதை மெல்லிய பருத்தித் துணியில் தனியே வையுங்கள்.

எண் தட்டித் திறக்கும் சிறு பெட்டகங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. மலிவானவற்றில் கதவைத் தடுத்து நிற்பது ஒரு சிறு முளை. அதை மேலே நிறுத்துவது மெல்லிய ஸ்பிரிங். பலமான அதிர்வில் முளை துள்ளினால் எண் தெரியாமலே கதவு திறந்துவிடக்கூடும். நான்கு இலக்க எண்ணில் பத்தாயிரம் வாய்ப்புகள் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பல மாதம் அழுத்தி நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால், மிச்சம் 24 வாய்ப்புகள்தான். எண்ணை அவ்வப்போது மாற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். பிளாஸ்டிக் பொத்தான்களில் விரலின் சூடு சிறிது நேரம் தங்குவதை வெப்பக் கேமராவால் படம் பிடித்து, அழுத்திய எண்களைக் கண்டறிய முடியும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். உலோகப் பொத்தானில் அது பலிக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 2008-இல் இன்னொரு குழு, சுமார் 60 மீட்டர் தள்ளி எடுத்த படத்திலிருந்தே வீட்டுச் சாவிக்கு மாற்றுச்சாவி செய்தது. புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலில் போடுபவர்கள் கவனிக்கட்டும்.

விரல்ரேகைப் பெட்டகம் வாங்கும்முன் வீட்டுப் பெரியவர்களின் விரலை நினையுங்கள். ரேஷன் கடைக் கருவியில் ரேகை விழாமல் அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். பாத்திரம் தேய்த்தும் வயலில் உழைத்தும் தேய்ந்த விரல்கள் அவை.

வங்கி லாக்கரில் வைத்தால் கவலை விட்டது என்பதும் பாதி உண்மை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இருப்பது போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்குதான். மூவாயிரம் ரூபாய் வாடகைக்கு மூன்று லட்சம். உள்ளே இருக்கும் பவுன்களின் இன்றைய விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனிக் காப்பீடு தேவையா என்பது தெரிந்துவிடும். ஆனாலும் எந்த பீரோவையும்விட வங்கி லாக்கர் நல்ல இடம். ஆபத்து, கல்யாணத்துக்கு எடுத்துவந்த நகை மறுவீடு, விருந்து என்று நாள் கடந்து வீட்டிலேயே தங்கும் வாரங்களில் இருக்கிறது. யார் யார் என்ன போட்டிருந்தார்கள் என்று ஊரே பார்த்த வாரங்கள் அவை.

அந்த நாள்களுக்காகவாவது ஒரு பெட்டகம் வேண்டும் என்றால், அதைத் தரையோடு பிணைத்தாக வேண்டும். அண்டர்ரைட்டர்ஸ் தரம், சுமார் 340 கிலோவுக்குக் குறைவான பெட்டகத்தில் பிணைக்கும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாம் வாங்குவது முப்பது நாற்பது கிலோ; இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் எங்காவது ஆற அமர உடைப்பார்கள். உள்பக்கத்திலிருந்து ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும், அதுவும் கான்கிரீட் தளத்தில். செங்கல் சுவர் அவ்வளவு பிடி கொடுக்காது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையாக இருந்தால், கடப்பாரையைச் சாய்க்க இடம் கிடைக்காது. ஓடு பதித்த தரை என்றால், ஓட்டையும் அதன் கீழுள்ள கலவையையும் தாண்டி கான்கிரீட்டுக்குள் போல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று மேஸ்திரியின் பக்கத்தில் நின்று அளந்து பாருங்கள்.