முதுமையின் முகவரி – 11: நாட்கள் குறைந்தன, பொறுப்பு கூடியது

பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்த முதியவர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிட்டால், 'அங்கே கொண்டுபோய் விட்டதால்தான் போய்விட்டார்' என்ற பேச்சு எழுகிறது. சேர்த்த பிள்ளைகளை அந்தக் குற்ற உணர்வு பல காலம் அரிக்கிறது. பல நாடுகளில் இல்லத்தில் கழியும் காலம் குறுகிவருவது உண்மைதான். அதற்கு முதன்மையான காரணம், வாசலைக் கடந்து உள்ளே வரும்போதே அவர்களின் உடல்நிலை முன்னைவிட மோசமாக இருப்பது. இங்கிலாந்தின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1950களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் இல்லங்களுக்கு நேரில் சென்று பார்த்தார். 1962இல் 'கடைசிப் புகலிடம்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாக எழுதினார். அங்கிருந்தவர்களில் கணிசமானோர் தாமே நடக்கவும் உடுத்தவும் உண்ணவும் முடிந்தவர்கள். துணையை இழந்ததும், குடியிருக்க வீடில்லாததும், பார்த்துக்கொள்ள ஆளில்லாததுமே அவர்களை அங்கே சேர்த்திருந்தன. வீட்டிலேயே உதவி கிடைத்தால் இவர்கள் இங்கே வர வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அது மெல்ல மெல்ல அரசின் கொள்கையாயிற்று. 1990இல் இயற்றப்பட்டு 1993இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த சமூகப் பராமரிப்புச் சட்டம், முதலில் ஒருவரின் தேவையை மதிப்பிடச் சொன்னது. முடிந்தவரை வீட்டிலேயே உதவச் சொன்னது. நடமாட முடிந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மறதிநோய் முற்றியவர்களும் படுக்கையில் விழுந்தவர்களும் இல்லத்துக்கு வந்தார்கள். இன்று பிரிட்டனில் இல்லவாசிகள் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மறதிநோய் இருப்பதாக அல்சைமர் சொசைட்டி சொல்கிறது.

இவ்வளவு தளர்ந்த பிறகு வருகிறவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? பிரிட்டனில் பராமரிப்பு இல்லங்கள் நடத்தும் பூபா நிறுவனத்தின் இல்லங்களில் 2008 இறுதியிலிருந்து 2010 நடுப்பகுதிவரை இறந்த சுமார் 11,500 பேரின் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். தங்கிய காலம் சராசரியாக 801 நாட்கள். ஆனால் அவர்களில் சரிபாதிப் பேர் 462 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். நெடுங்காலம் வாழ்ந்த சிலர் சராசரியை உயர்த்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1992க்கும் 2006க்கும் இடையே இல்லத்தில் இருந்தபடி இறந்தவர்களை ஆராய்ந்தபோது, பாதிப் பேருக்கு ஐந்து மாதங்கள்கூடக் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. சராசரியை மட்டும் சொல்லிக் குடும்பத்தைத் தேற்றினால், அது அவர்களைத் தவறான நம்பிக்கையில் விடுவதாகும்.

வரும்போதே நலிந்திருக்கிறார்கள் என்று சொல்வது இல்லங்களின் அலட்சியத்தை மூடிமறைக்காதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2020 மார்ச் நடுவிலிருந்து ஒரு மாதத்தில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளிலிருந்து சுமார் 25,000 பேர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அனைவருக்கும் கொரோனா பரிசோதனை செய்யப்படவில்லை. அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் தொற்று பரவும் ஆபத்தைக் கணக்கில் கொள்ளாத அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறான முடிவுகள் உயிரைக் குடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து இல்லத்துக்கு மதிப்பெண் போட்டால், மிகவும் நலிந்தவர்களை ஏற்கும் நல்ல இல்லம் தோற்கும். அவர்களைத் தட்டிக்கழிக்கும் இல்லம் ஜெயிக்கும். படுக்கைப் புண் வந்ததா, வலிக்கு மருந்து நேரத்தில் கிடைத்ததா, கடைசி நாட்களில் தேவையின்றி ஆம்புலன்ஸில் அலைக்கழித்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

பாஸ்டன் பகுதி இல்லங்களில் மறதிநோய் முற்றிய 323 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. அதற்குள் 55 சதவீதத்தினர் இறந்தார்கள். 86 சதவீதத்தினருக்கு உண்பதில் சிக்கல். 41 சதவீதத்தினருக்கு நிமோனியா. உண்பதில் சிக்கல் என்றால், வாயில் வைத்த கஞ்சியை விழுங்க மறந்துபோவது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கால் கரண்டி ஊட்டி, தொண்டை அசைந்ததைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பொறுமையும் பயிற்சியும் வேண்டிய இந்த வேலையை, கூலி குறைந்த, ஆள் போதாத இடத்தில்தான் எதிர்பார்க்கிறோம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நோயின் போக்கைக் குடும்பத்தார் புரிந்துகொண்டிருந்தால், கடைசி மூன்று மாதங்களில் நோயாளியை வதைக்கும் சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன.

மருத்துவரையும் செவிலியரையும் கூட்டினால் வீடு போன்ற இடம் ஆஸ்பத்திரியாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நடப்பது நேர்மாறு. இல்லத்தில் பார்க்க ஆளில்லாததால்தான் இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் ஒவ்வோர் இல்லத்தையும் ஆரம்ப சுகாதாரக் குழு ஒன்றுடன் இணைத்து, வாரந்தோறும் நோயாளிகளைப் பார்வையிட வேண்டும் என்று விதித்திருப்பது சரியான திசை. வீட்டிலேயே முடிந்தவரை இருக்கட்டும் என்று கொள்கை வகுத்த அரசுக்கு, அதற்குப் பிறகு இல்லத்துக்கு வருகிறவர் எந்த நிலையில் வருவார் என்பது தெரியும். டவுன்சென்ட் கண்ட முதியவர்களுக்கு அறையும் சாப்பாடும் துணையும் போதுமாக இருந்திருக்கலாம். இன்று வருகிறவர்களுக்கு அவற்றோடு தேர்ந்த மருத்துவமும் வேண்டும். அதற்கான பணத்தையும் ஆட்களையும் ஒதுக்காமல், இல்லங்களில் சாவு அதிகம் என்று குறைசொல்ல எந்த அரசுக்கும் தகுதியில்லை.

(தொடரும்)