தீயணைப்பு வீரரின் காற்றுக் கணக்கு

தீயணைப்பு வீரருக்குப் பெரிய எதிரி எது என்று கேட்டால், 'நெருப்பு' என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். ஆனால், எரியும் கட்டடத்துக்குள் நுழைந்து திரும்பாமற்போன வீரர்கள் பலரின் உயிரைப் பறித்தது அனல் அன்று. முதுகில் சுமந்த சிலிண்டரில் காற்றுத் தீர்ந்துபோனதுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 'அரை மணி நேர சிலிண்டர்' எனப்படுவதில் ஏறத்தாழ 1,200 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்திற்கு 40 லிட்டர் வீதம் சுவாசித்தால் 30 நிமிடம் வரும். உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டரே போதும். ஆனால், கனத்த கருவிகளைச் சுமந்து, தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மாடியேறுபவருக்கு 80 லிட்டர்கூடத் தேவைப்படலாம். அப்போது அரை மணி, கால் மணியாகச் சுருங்கிவிடுகிறது!

காற்றுக் குறைந்தால் எச்சரிக்கை ஒலிக்குமே என்பீர்கள். பழைய கருவிகளில் கால் பங்கு, அதாவது 300 லிட்டர் மிஞ்சும்போதுதான் அது ஒலித்தது. நிமிடத்திற்கு 80 லிட்டர் என்றால் நான்கு நிமிடம்கூட இல்லை. எட்டு நிமிடம் நடந்து உள்ளே போனவர் நான்கு நிமிடத்தில் எப்படி வெளியே வருவார்? ஆகவே, ஒலிக்கும் முன்பே அவர் திரும்பியிருக்க வேண்டும். பிற்காலத்தில் அமெரிக்கத் தர விதி எச்சரிக்கை அளவை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தியது. அப்போதும் கிடைப்பது ஐந்தே நிமிடம்தான்.

புகைக்குள் திணறுபவரால் இந்தக் கணக்கைப் போட முடியாது. வாசலில் நிற்பவர்தான் போட வேண்டும். 1958 ஜனவரியில், லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் நிலவறைக் குளிர்பதனக் கிடங்கு தீப்பிடித்தபோது, சிக்கலான வழிகளில் திசை தவறிய இரு வீரர்கள் மாண்டனர். அதன் பிறகு பிரிட்டனில் ஓர் எளிய முறை வேரூன்றியது. உள்ளே செல்பவர் தம் பெயர் வில்லையை வாசலில் கொடுத்துவிடுவார். நுழைந்த நேரம், சிலிண்டரின் அளவு, திரும்ப வேண்டிய நேரம் எல்லாம் ஒரு பலகையில் குறிக்கப்படும். எவருடைய வில்லையாவது நேரம் கடந்தும் பலகையில் இருந்தால், உடனே தேடல் தொடங்கும்.

தேடப் போகிறவருக்கும் இதே கணக்குத்தான். 1999 டிசம்பர் 3 அன்று, அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்டுக் கிடந்த குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்தது. மேல்தளங்களில் சன்னல்கள் இல்லை என்றே சொல்லலாம். குளிர் காக்கும் சுவர்ப் பூச்சுகள் கரும்புகையைக் கக்கின. வீடற்ற இருவர் உள்ளே இருக்கலாம் என்று தேடிச் சென்ற இரு வீரர்கள் வழி தவறி, காற்றுக் குறைகிறதென்று வானொலிக் கருவியில் கூவினர். அவர்களைத் தேடிப் போனவர்களில் மேலும் நால்வர் திரும்பவில்லை.

அப்போது படிக்கட்டருகே நின்ற அதிகாரி ஒருவர், தோழர்களை மீட்கத் துடித்த மற்றவர்களை வழிமறித்து நிறுத்தினார். உள்ளே தவிப்பவர்கள் அவருடைய சொந்த ஆட்கள்! அந்தக் கட்டளையை இடுவது எத்தகைய வேதனை என்று எண்ணிப் பாருங்கள். ஆனால், அன்று சாவின் எண்ணிக்கை ஆறோடு நின்றதற்கு அதுவே காரணம்.

ஆறு உடல்களையும் மீட்டெடுக்க எட்டு நாட்களாயின. வீடற்ற அந்த இருவரோ, தீயணைப்பு வண்டிகள் வருமுன்பே வெளியேறிவிட்டிருந்தனர்.