மக்கள் லிங்கனைத் தோற்கடித்தது ஒரே ஒரு முறை

தன்னம்பிக்கை நூல்களிலும் பள்ளி ஆண்டு விழா மேடைகளிலும் ஆபிரகாம் லிங்கனின் பெயர் வந்தால் கூடவே ஒரு தோல்விப் பட்டியலும் வரும். வியாபாரத்தில் நொடித்தார், 1832இல் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார், 1838இல் சபாநாயகர் பதவிக்கு நின்று தோற்றார், 1843இல் நாடாளுமன்றம், 1855இல் செனட், 1856இல் துணை அதிபர், 1858இல் மறுபடியும் செனட் என்று அடுக்கிக்கொண்டே போய், 1860இல் அதிபரானார் என்று முடிப்பார்கள். ஆண்டுகள் பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர், இருபத்தெட்டு ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்த ஒருவருக்குத் திடீரென்று நாட்டின் தலைமைப் பதவி கிடைத்துவிட்டது என்றே எண்ணுவார். நடந்தது அதுவல்ல. இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தொடர்ந்து நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் லிங்கன். வாக்காளர்கள் தம்மை நேரடியாகத் தோற்கடித்தது 1832இல் மட்டுமே என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவரை அதிபர் பதவி வரை கொண்டுபோனதில் தோல்வியைத் தாங்கிய மனத்துக்குப் பங்கு உண்டு; தேர்தல் என்னும் தொழிலைப் படிப்படியாகக் கற்றுத் தேர்ந்ததற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஒரே தோல்வியையே முதலில் பார்ப்போம். அப்போது அவருக்கு வயது 23. நியூ சேலம் என்ற சிற்றூருக்குக் குடிவந்து ஏறத்தாழ ஓராண்டுதான் ஆகியிருந்தது. மார்ச்சில் வேட்பாளராக அறிவித்துக்கொண்டவர், சில வாரங்களிலேயே பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிரான போருக்குத் தொண்டர் படையில் சேர்ந்து போய்விட்டார். ஜூலையில் திரும்பினார், ஆகஸ்ட் 6 அன்று வாக்குப்பதிவு. சங்கமோன் மாவட்டத்துக்கு நான்கு இடங்கள், களத்தில் 13 பேர். லிங்கன் 657 வாக்குகளுடன் எட்டாவதாக வந்தார். அக்காலத்து இல்லினாயில் ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. வாக்காளர் அதிகாரி முன் நின்று தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்வார், எழுத்தர் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பின்படி நியூ சேலம் வாக்குச்சாவடியில் மட்டும் லிங்கனுக்குக் கிடைத்தவை 277. அங்கே வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். தெரிந்தவர்கள் ஏறத்தாழ எல்லாரும் வாக்களித்தார்கள்; பரந்த மாவட்டத்தின் மற்ற ஊர்களில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. இரண்டே ஆண்டுகளில் அந்தக் குறை தீர்ந்தது. 1834இல் மீண்டும் 13 பேர் மோதிய தேர்தலில் இரண்டாம் இடம். 1836இலும் 1838இலும் முதலிடம். தோல்விப் பட்டியலின் சில வடிவங்களில் 1836ஆம் ஆண்டுக்கு நேரே அவர் மனம் உடைந்துபோன ஆண்டு என்று எழுதியிருக்கும். வாக்குக் கணக்கிலோ அது அவர் மாவட்டத்திலேயே முதலிடத்தில் வந்த ஆண்டு.

சங்கமோன் மாவட்டம் லிங்கன் அப்போது சார்ந்திருந்த விக் கட்சியின் கோட்டை, அங்கே விக் வேட்பாளர் வெல்வதில் என்ன பெருமை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பிந்தைய வெற்றிகளில் கட்சிக் காற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் தொடக்கம் அப்படி இல்லை. 1832 ஆகஸ்டில் லிங்கனுக்கு 277 வாக்குகளை அள்ளிக் கொடுத்த அதே நியூ சேலம், சில மாதங்கள் கழித்து நடந்த அதிபர் தேர்தலில் லிங்கன் போற்றிய ஹென்றி கிளேயைக் கைவிட்டு, எதிர்த்தரப்பு ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 115 வாக்குகள் கூடுதலாகக் கொடுத்தது. கட்சி பார்த்து விழுந்த வாக்குகளல்ல அவை, ஆளைப் பார்த்து விழுந்தவை. 1834இலும் ஜாக்சன் ஆதரவாளர்கள் பலர் அவருக்குக் கைகொடுத்தார்கள். ஆளுக்கு விழும் வாக்கு மட்டும் போதாது, அமைப்பும் வேண்டும் என்பதை அவர் சீக்கிரமே உணர்ந்தார். 1840 அதிபர் தேர்தலுக்காக லிங்கனும் மற்ற விக் தலைவர்களும் சேர்ந்து அனுப்பிய சுற்றறிக்கையை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். மாவட்டத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். பகுதிக்கு ஒரு குழு போடுங்கள். வாக்காளர் ஒவ்வொருவர் பெயரையும் பட்டியலிட்டு, யார் எந்தப் பக்கம் என்று கண்டறியுங்கள். ஊசலாடுகிறவர்களிடம் விடாமல் பேசுங்கள். வாக்குப்பதிவு நாளில் நம்மவர் ஒவ்வொருவரையும் சாவடிக்குக் கொண்டுவந்து சேருங்கள். நம் ஊரில் பூத் கமிட்டி செய்யும் வேலை, 180 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில்.

சபாநாயகர் தேர்தலில் 1838இலும் 1840இலும் தோற்றார் என்பது உண்மை. முப்பது வயது நிரம்பும் முன்பே ஒரு கட்சி அவரைத் தன் சபாநாயகர் வேட்பாளராக நிறுத்தியதும் உண்மை. சட்டமன்றத்தில் அவருடைய குழு சாதித்தவற்றில் பெரியது, தலைநகரை வண்டாலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற 1837இல் நிறைவேறிய தீர்மானம். அதே ஆண்டில் கால்வாய், ரயில்பாதைத் திட்டங்களுக்கு ஒரு கோடி டாலர் அளவில் கடன் வாங்கவும் அவர் துணை நின்றார். அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில் அந்தக் கடன் மாநிலத்தின் கழுத்தை நெரித்தது. லிங்கனின் உண்மையான தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். தோல்விப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. 1840இல் நான்காம் முறை வென்றபோது, தேர்வானவர்களில் கடைசி இடமே அவருக்குக் கிடைத்தது.

நாடாளுமன்றத்துக்கு 1843இல் ‘தோற்றார்’ என்பது கட்சிக்குள் வேட்பாளர் வாய்ப்புக் கிடைக்காமல் போனது மட்டுமே. சக கட்சியினர் ஹார்டின், பேக்கர், பிறகு லிங்கன் என்று முறை வைத்து நிற்கும் ஏற்பாடு அங்கே உருவானது. 1846இல் தம் முறை வந்தபோது 6,340க்கு 4,829 என்ற கணக்கில் லிங்கன் வென்றார். எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட் என்ற புகழ்பெற்ற மெதடிஸ்ட் போதகர். 1832இல் லிங்கன் தோற்ற அதே தேர்தலில் வென்ற நால்வரில் ஒருவர் இவர். 1848இல் லிங்கன் அந்த இடத்துக்கு நிற்கவே இல்லை. நின்று தோற்றவர் அவருடைய பழைய வழக்கறிஞர் கூட்டாளி லோகன்.

செனட் தோல்விகள் இரண்டும் வேறு வகை. 1913இல் அரசியலமைப்பு திருத்தப்படும் வரை அமெரிக்க செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பதுபோல. 1858இல் லிங்கனும் எதிர்த்தரப்பு வேட்பாளர் டக்ளஸும் ஏழு ஊர்களில் விவாதம் நடத்தினார்கள் என்றாலும், மக்கள் வாக்களித்தது சட்டமன்ற வேட்பாளர்களுக்குத்தான். லிங்கன் அதற்குள் சேர்ந்திருந்த குடியரசுக் கட்சியின் வேட்பாளர்கள் மாநிலம் முழுவதும் கூடுதல் வாக்குகள் பெற்றார்கள். ஆனால் அக்கட்சி வலுவாக இருந்த, மக்கள்தொகை பெருகிய வடபகுதிக்குப் பழைய கணக்கின்படியே இடங்கள் இருந்தன. சட்டமன்றத்தில் டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. கட்சிக்கு விழுந்த வாக்குகளை லிங்கனின் வாக்குகள் என்று எப்படிக் கொள்வது என்று கேட்டால், முழுதாகக் கொள்ள முடியாது என்பதே நேர்மையான பதில். ஆயினும் அதே நாளில் மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்த மாநிலப் பொருளாளர் பதவியைக் குடியரசுக் கட்சியே வென்றது. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதற்கு அது போதிய சான்று.

பட்டியல் உண்மையோ இல்லையோ, துவண்ட பிள்ளைகளுக்குத் தெம்பு தருகிறதே, அதைக் கெடுப்பானேன் என்று சிலர் கேட்பார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் தேர்வில் தவறிய மாணவனிடம் ‘தோற்றுக்கொண்டே இரு, ஒருநாள் வெல்வாய்’ என்பது அவனுக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை. எங்கே குறை என்று கண்டு அதைச் சரிசெய்த லிங்கனைக் காட்டினால் அவனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும். 1855 செனட் தேர்தல் இதற்கு நல்ல சான்று. முதல் சுற்றில் லிங்கனே முன்னணியில் இருந்தார். அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவுவதை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் ஐவர் மட்டும், ஒரு விக் தலைவருக்கு வாக்களிக்க மறுத்து, தம் தரப்பு லைமன் டிரம்புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுற்றுகள் நீள நீள, அடிமை முறைப் பரவலை எதிர்க்காத மேட்டிசன் என்பவர் வென்றுவிடும் நிலை வந்தது. லிங்கன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மிஞ்சியிருந்த தம் ஆதரவாளர்களை டிரம்புல்லுக்கே வாக்களிக்கச் சொன்னார். பத்தாம் சுற்றில் டிரம்புல் 51 வாக்குகளுடன் வென்றார். லிங்கனுக்கு அது ஆழமான வலி. ஆனாலும் அந்த ஐவர் மேல் அவர் பகை வைத்துக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருவர் நார்மன் ஜட். புதிய குடியரசுக் கட்சியின் இல்லினாய்த் தலைவரானவர் அவர்தான். 1860இல் கட்சியின் தேசிய மாநாட்டை லிங்கனின் சொந்த மாநிலத்துச் சிகாகோவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டு வென்றவரும், அந்த மேடையில் அதிபர் வேட்பாளராக லிங்கனின் பெயரை முன்மொழிந்தவரும் அவரே.