மசாய் மாராவுக்கு முன்னால் மேக்கரை

கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் பறவை பார்க்கப் போகிறவர்களின் பயணத்திட்டம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் சதுப்பு நிலம், பிறகு மழைக்காடு, கடைசியில் முள்மரங்கள் சிதறிக் கிடக்கும் சவானா. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஜீப்பில் அரை நாள், ஒரு நாள் புழுதி குடிக்க வேண்டும். செலவு லட்சங்களில் ஆகும். அந்த இரண்டு நாடுகளிலும் தனித்தனியே ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவையினங்கள் இருப்பதால் அந்தப் பணத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதே மூன்று வகை நிலமும் தென்காசி மாவட்டத்தில் டவுன் பஸ் ஓடும் தூரத்துக்குள்ளேயே அடுத்தடுத்துக் கிடக்கிறது. குற்றாலத்தில் தலையை நனைத்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு திரும்புகிற கூட்டத்துக்கு இதை யாரும் சொல்வதில்லை.

பண்பொழித் திருமலைக் கோவிலின் அறுநூற்றுச் சொச்சம் படிகளை ஏறி மேலே நின்றால் புவியியல் பாடம் தானே விரிந்துவிடும். மேற்கே மேக்கரை, அடவிநயினார் அணை, அதற்குப் பின்னால் கருத்த காடு. காலடியில் வயல், தென்னை, மாந்தோப்பு, நடுநடுவே குளங்கள். கிழக்கே பார்வை போகப் போகப் பச்சை வெளுத்து, பனையும் உடைமரமும் காற்றாலையும் மட்டும் எஞ்சும். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைப் பக்கம் சற்றுத் தாழ்ந்து கணவாயாகத் திறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து சாரலைத் தூவுகிறது. மலையை ஒட்டிய ஊர்களோடு ஈரம் தீர்ந்துவிட, கொஞ்சம் கிழக்கே போனதுமே மழைமறைவுப் பூமி தொடங்குகிறது. அந்தப் பூமிக்கும் குளங்களுக்கும் தண்ணீர் கொண்டுவருவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழை. இரண்டு பருவமழையும் முறை வைத்துக்கொண்டு நனைப்பதால்தான் இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை வகை வாழிடம்.

முதலில் குளம். அச்சன்புதூர், இலத்தூர் பக்கத்துக் குளக்கரை ஒன்றில் மார்கழிக் காலையில் நின்றால் ஆப்பிரிக்கச் சதுப்பு நிலத்தின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் வரிசையாக வரும். நம் மஞ்சள் மூக்கு நாரையும் ஆப்பிரிக்காவின் மஞ்சள் அலகு நாரையும் ஒரே பேரினம். நத்தைகுத்தி நாரையின் பேரினத்தில் மொத்தமே இரண்டு இனங்கள்தான்: ஒன்று ஆசியாவில், மற்றது ஆப்பிரிக்காவில். முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், கருப்பு வெள்ளை மீன்கொத்தி மூன்றும் இங்கேயும் அங்கேயும் அதே இனம்தான்.

மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் அமிழ்த்தி, தலையை இடமும் வலமும் அசைத்தபடி நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். கலங்கிய தண்ணீரில் கண்ணால் ஒன்றும் ஆகாது. வேலை முழுக்கத் தொடு உணர்ச்சியில்தான். மீன் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிவிடும். இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரையை வைத்து 1960களில் அளந்து பார்த்தார்கள். ஒரு நொடியை நாற்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம்.

நத்தைகுத்தியின் கதை வேறு. அலகுகளுக்கு நடுவே தெரிகிற இடைவெளி பிறவியில் வருவதில்லை; குஞ்சுக்கு அலகு ஒழுங்காகவே மூடும், வளர வளரத்தான் நடுவில் விரியும். அந்த இடைவெளியில் நத்தையை வைத்து பாக்குவெட்டி போல நொறுக்குகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. கீழலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, முழுசாக வெளியே இழுத்துவிடுகிறது. கரையோரம் உடையாத காலி ஓடுகள் கிடந்தால் அது யார் வேலை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தாமரையும் அல்லியும் படர்ந்த குளமென்றால் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். நீண்ட விரல்களால் எடையைப் பரப்பிக்கொண்டு இலைமேல் நடக்கும். பெட்டை அடுத்தடுத்துப் பல சேவல்களோடு கூடி, ஒவ்வொன்றிடமும் முட்டைகளை ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தகப்பன் பொறுப்பு. ஆப்பிரிக்க இலைக்கோழியிலும் இதே குடும்பநீதிதான். ஆபத்து வந்தால் அந்தத் தகப்பன் குஞ்சுகளைச் சிறகுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு நடக்க, வெளியே பிஞ்சுக் கால்கள் மட்டும் தொங்கும்.

இந்த உறவைக் கேட்டதும், “ஆதியில் ஒரே நிலமாக இருந்தோம், அதனால்தான்” என்று கோண்டுவானாவை இழுப்பவர்கள் உண்டு. கணக்கு உதைக்கும். இந்திய நிலத்தட்டு ஆப்பிரிக்காவை விட்டுப் பிரியத் தொடங்கி 15 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றைய பறவைக் குடும்பங்களில் பெரும்பாலானவை கிளைத்துப் பெருகியதோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த பிறகுதான். நாரையும் இலைக்கோழியும் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு மிதந்து வரவில்லை. மிகப் பிற்காலத்தில் பறந்தும் பரவியும் வந்தவை.

அந்தப் போக்குவரத்து இன்றும் நடக்கிறது. சைபீரியாவை அடுத்த அமூர் பகுதியிலிருந்து கிளம்பும் அமூர் வல்லூறு வடகிழக்கு இந்தியாவில் இறங்கி ஈசலும் பூச்சியுமாகத் தின்று கொழுத்து, இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலின் மேல் நிற்காமல் பறந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. எதிர்த்திசையில் சுடலைக்குயில் ஆப்பிரிக்காவிலிருந்து வட இந்தியாவுக்குப் பருவமழையோடு வருகிறது. நம் பக்கத்துச் சுடலைக்குயில்கள் பெரும்பாலும் ஊரோடு இருப்பவை.

அடுத்தது காடு. அங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. குற்றால அருவிகளுக்கு மேலே ஓடைக்கரையில் விடியற்காலம் சீகாரப் பூங்குருவி பாடுவது, யாரோ ஒரு பையன் ராகம் தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டே போவதுபோலக் கேட்கும். அருவியின் இரைச்சலில் தாழ்ந்த சுருதி ஒலிகளே மிகுதி. அதற்கு மேலே தெளிவான ஒற்றைச் சுருதிச் சீட்டி துளைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. ஓடையோரப் பறவைகள் பல இந்த உபாயத்தைக் கையாள்கின்றன. கொஞ்ச நேரம் காடே காலியாகக் கிடக்கும். திடீரென்று துடுப்புவால் கரிச்சானின் கூச்சல், கூடவே பல இனப் பறவைகள் ஒரே படையாக மரத்துக்கு மரம் பூச்சி வேட்டையாடிக்கொண்டே வரும். ஐந்து நிமிடத்தில் அத்தனையும் கடந்துவிடும். கரிச்சான் காவல்காரன், பருந்தைக் கண்டால் முதலில் அலறுவது அதுதான். மற்றவை கிளறிவிடும் பூச்சிகளில் கைவைப்பது அதன் கூலி. உகாண்டாக் காட்டிலும் இந்தக் கலப்புப் படை உண்டு, ஆட்கள்தான் வேறு.

இருவாச்சியைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ள, சேவல் சின்னப் பிளவு வழியாகப் பழம் ஊட்டும் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆப்பிரிக்காவின் தரை இருவாச்சிகள் மட்டும் இந்த வாசலடைப்பு வழக்கத்தில் சேராதவை என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

எனக்கு மூன்றில் பிடித்தது, யாரும் காசு கொடுத்துப் பார்க்க வராத மூன்றாவது நிலம். சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலில் ஓடும் அந்த வெளி. மேலே தட்டையாகக் குடை விரித்து நிற்கிற உடைமரத்தின் நிழலில் ஆடுகள் ஒதுங்கியிருக்கும். படம் எடுத்துக் காட்டினால் தான்சானியா என்று பலர் ஏமாந்துவிடுவார்கள். அங்கே சிங்கம் படுத்திருக்கும் குடைமுள் மரமும் நம் உடைமரமும் ஒரே பேரினம். கருவேலமோ இரண்டு கண்டத்துக்கும் சொந்த மரம். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடைக்கும், கென்ய சுற்றுலா விளம்பரங்களில் வரும் இளஊதா மார்புப் பனங்காடைக்கும் நெருங்கிய ரத்த சம்பந்தம். தூக்கணாங்குருவியின் பேரினத்தில் ஆசியாவுக்கு வாய்த்தது ஐந்தே இனங்கள். மற்ற அறுபது சொச்சமும் ஆப்பிரிக்காவின் பங்கு.

ஆனால் இந்த உறவு எல்லாவற்றையும்விட நெருக்கமாகத் தெரிவது பனைமரத்தில். சாயங்காலம் ஒரு பனைக்கூட்டத்தின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒல்லியான, பிளந்த வாலுள்ள சின்னஞ்சிறு பறவைகள் கீச்சிட்டபடி சுற்றிச் சுற்றி வந்து, தொங்கும் காவோலைக்குள் விருட்டென்று நுழையும். பனை உழவாரன். அதன் காலால் தரையில் நடக்க முடியாது. செங்குத்தாகப் பற்றித் தொங்க மட்டுமே முடியும். பறக்கும்போதே காற்றில் அலையும் இறகையும் பஞ்சையும் பிடித்து, எச்சிலைப் பசையாக்கி, ஓலையின் அடிப்புறத்தில் ஒட்டிவைக்கும். அதுதான் கூடு. காற்றடித்தால் ஓலை தலைகீழாகக்கூட ஆடும், முட்டை விழுந்துவிடாதா? அதையும் எச்சிலால் ஒட்டிவிடுகிறது. ஆப்பிரிக்காவில் வேறொரு பனை உண்டு, நம் பனையின் பங்காளி. அதன் ஓலையில் வேறொரு உழவாரன், நம் உழவாரனின் பங்காளி, இதே எச்சில் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பனையேறி ஒருவர் மரத்தைச் சுத்தம் செய்யும்போது காவோலையைக் கழித்துவிடுவார். ஏறாமல் விட்ட பனைகளில் காவோலை பாவாடைபோலத் தொங்கிக் கிடக்கும், கூடும் அங்கேதான் அதிகம்.

இப்படிப்பட்ட வெளிக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் பெயர். மரம் அடர்ந்தால்தான் இயற்கை என்று வெள்ளைக்காரன் காலத்து வனக்கணக்கு நம் மண்டையில் ஏற்றிவிட்டது. இந்தியாவின் புல்வெளியும் முட்காடும் காடு அழிந்து மிஞ்சிய எச்சமல்ல, மிகத் தொன்மையான சவானாக்கள் என்று சூழலியலாளர்கள் கொஞ்ச காலமாகச் சொல்லிவருகிறார்கள். தரிசு என்றால் குவாரியோ சோலார் பண்ணையோ கேள்வி கேட்காமல் வந்துவிடலாம். எஞ்சிய இடத்தைச் சீமைக் கருவேலம் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அதே மரம் கென்யாவின் பாரிங்கோ ஏரிப் பகுதியிலும் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியிருக்கிறது. கெட்டதிலும் ஒற்றுமை.

நிலம் இருக்கிறது, பறவை இருக்கிறது. பின்னே என்ன குறை? வழிகாட்டி. ஆப்பிரிக்க சஃபாரியின் உண்மையான மூலதனம் ஜீப்பும் கூடாரமும் இல்லை. கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று 1996 முதல் ஒரு தொழில்முறைச் சங்கம் இயங்குகிறது. தேர்வு எழுதி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகத் தரம் உயர வேண்டும். உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கரையில் மபம்பா என்ற சதுப்பு நிலம். அங்கே ஆள் மார்பளவு உயரமுள்ள ஷூபில் என்னும் பறவை, பாப்பிரஸ் கோரைக்கு நடுவே அசையாமல் நின்று நுரையீரல் மீனைக் கொத்தும். அதைக் கண்டால் அன்றைக்கு வலையில் மீன் படாது என்று நம்பிய மீனவர்கள் ஒரு காலத்தில் அதைக் கொன்றார்கள். இன்று அதே ஊர்க்காரர்கள் தோணியில் ஆளேற்றிப்போய் அதைக் காட்டுகிறார்கள். இந்தியாவிலேயே நாகாலாந்தின் பங்தி கிராமத்தில் 2012இல் அமூர் வல்லூறுகளை வலை விரித்து ஆயிரக்கணக்கில் கொன்று விற்றார்கள். மறு ஆண்டே ஊர் கூடித் தடைபோட்டது, 2013 நவம்பரில் அங்கிருந்தே செயற்கைக்கோள் கருவி கட்டிய வல்லூறுகள் ஆப்பிரிக்காவுக்குப் பறந்தன.

நம் ஊரில் இந்த அறிவு பழுத்துக் கிடக்கிறது, அதற்குச் சம்பளம்தான் இல்லை. குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால் எந்தப் பறவை என்று சொல்லிவிடலாம். நிறைகுளத்தில் முக்குளிப்பானும் வாத்தும். மடை திறந்து பிசான நெல்லுக்குப் பாய்ந்து தண்ணீர் இறங்க இறங்க, கால் நீளத்தின் வரிசையில் மற்றவை வரும்: முதலில் நாரை, பிறகு நெடுங்கால் உள்ளான், கடைசியில் சேற்றில் ஓடும் குட்டி உள்ளான்கள். “இன்னும் ரெண்டு சாண் இறங்கட்டும் அண்ணாச்சி, பெறவு பாருங்க, குளமே வெள்ளையா இருக்கும்” என்று ஒரு நீர்ப்பாய்ச்சி என்னிடம் சொன்னது எந்தக் கையேட்டிலும் இல்லாத செய்தி. பனையேறிக்கு உழவாரன் தெரியும், ஆடு மேய்க்கும் கீதாரிக்கு ஆள்காட்டியின் முட்டை தெரியும். மீன் குத்தகை எடுத்தவருக்கும் பறவை தெரியும். வெடி போட்டு விரட்டுகிற அளவுக்கு. நாரையால் அவருக்கு நட்டம் மட்டும்தான் என்கிற வரைக்கும் வெடி நிற்காது.

முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சேரன்மகாதேவிக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். கோவிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கூடு கட்டும் நாரைகளை ஊர்க்காரர்களே காத்துவந்தார்கள். 2005இல் அது நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும்; எச்சம் வாசலில் விழுந்தாலும் விரட்டமாட்டார்கள். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஏட்ரீ நிறுவனத்தின் மணிமுத்தாறு மையமும் உள்ளூர் இயற்கை அமைப்புகளும் சேர்ந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகின்றன. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் விடியற்காலையில் இருநோக்கியோடு நிற்பார்கள். நாளைய வழிகாட்டிகளை எங்கே தேடுவது என்று யாராவது கேட்டால் அந்தக் கரைகளைத்தான் கைகாட்டுவேன்.

வர நினைப்பவர்களுக்கு: குளங்களுக்கு மார்கழி முதல் மாசி வரை. அதே மாதங்களில் அந்திநேரம் சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கு வெளியில் அடையும். பூங்குருவிக்கு ஆனி, ஆடிச் சாரல். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மேக்கரை, வடகரைத் தோப்புகளில் இரவில் யானை இறங்குகிறது, விடிந்த பிறகும் சில நாள் திரும்பாது. தோப்புக் காவலரிடம் கேட்டுவிட்டு நடங்கள். அப்படியே பறவைகளைப் பற்றியும் கேளுங்கள், நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.