"ஒண்ணுமில்லே" என்று சொல்லுமுன்...

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றவருக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை.

நான் தில்லியில் முப்பத்தைந்து வருடம் பொது மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் தாயார் கும்பகோணத்து வீட்டை விட்டு எங்களோடு வந்து தங்கியபோது அவருக்கு வயது 72. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை, சுத்த சைவம். ஒரு டிசம்பரில், "பாதம் மதமதன்னு இருக்குடா, பஞ்சு மேலே நடக்கற மாதிரி" என்றார். "தில்லிக் குளிர்ம்மா, சாக்ஸ் போட்டுக்கோ" என்றேன். சில நாள் கழித்து, "மூஞ்சி அலம்பறச்சே கண்ணை மூடினா தள்றது" என்றார். "வயசாச்சு இல்லையா, ஒண்ணுமில்லே" என்றேன். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, விளக்குப் போடாமல் குளியலறைக்குப் போனவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. பி12 வைட்டமின் மிகக் குறைவு. அது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. காய்கறியிலும் பருப்பிலும் கிடையாது. மெட்பார்மினை நெடுநாள் சாப்பிட்டால், உண்பதிலிருந்து கிடைப்பதும் உடலில் சரியாகச் சேராது. பி12 குறைந்தால், கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் மங்கிவிடும். கண்ணால் பார்த்துச் சமாளித்து நடப்போம்; கண்ணை மூடினாலும் இருட்டிலும் தள்ளும். ஆக, அம்மா இரண்டே வாக்கியத்தில் தன் நோயை முழுக்கச் சொல்லியிருந்தார். காதில் வாங்காதவன் நான். ஊசி போட்டதில் நடை தேறியது. பாத மரமரப்பு கடைசிவரை முழுதாகப் போகவில்லை.

காரணம் தெரியாத உபாதை என்று நாம் சொல்வதில் பலவும் காரணம் தேடப்படாத உபாதையே. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று அறிந்த பிறகே தணிக்கும் வழியைப் பார் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். நாமோ முதலிலேயே "வாயு", "பலவீனம்" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

வெளியூரில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழில் தலைசுற்றல், கிறுகிறுப்பு, தள்ளாட்டம், மயக்கம் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர் சொன்னதை டாக்டரிடம் இந்தியில் சொல்லும்போது எல்லாவற்றையும் "சக்கர்" என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அங்கேயே பாதி விஷயம் போய்விடுகிறது. அடிக்கடி வரும் சில உபாதைகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

தலைசுற்றல்

எழுந்து நிற்கும்போதா, படுக்கையில் புரளும்போதா என்று கேளுங்கள். எழுந்தவுடன் கண் இருண்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது காரணமாக இருக்கலாம். தண்ணீர் போதாமை, அழுத்தத்துக்கான மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை இவற்றால் அப்படி ஆகும். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறையும், எழுந்து நின்று ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் காட்டவும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

புரளும்போது அறையே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், உள்காதிலுள்ள நுண்ணிய கால்சியத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையை ஒரு வரிசைப்படி திருப்பி அவற்றை உரிய இடத்துக்கு அனுப்பும் முறையை ஜான் எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் 1992ல் வெளியிட்டார். தெரிந்த டாக்டர் செய்தால் பலருக்கு ஓரிரு முறையிலேயே குணமாகிறது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

கை மரத்துப்போதல்

நடுராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. சப்பாத்தி மாவு பிசைவதும் துணி பிழிவதும் இதைக் கூட்டும். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிக்கொள்ளலாம். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது

முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் விட்டுவிடும். படுக்கப் போகுமுன் இதையே நாலைந்து முறை செய்யலாம். ஆனால் ஊருக்கு நீண்ட ரயில் பயணம் போய் வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி நீடித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். தைலம் தேய்க்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

கண் துடிப்பது

இடமா வலமா என்று சகுனம் பார்க்க வேண்டாம். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினோம், எத்தனை காபி குடித்தோம் என்று பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, முகமும் சேர்ந்து இழுத்தாலோ காட்ட வேண்டும்.

ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாதவை

வியர்வையோடு நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் இவை "வாயு" அல்ல. முகம் கோணுவது, ஒரு கை துவளுவது, பேச்சுக் குழறுவது பக்கவாதத்தின் அறிகுறி. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவசர எண் 112. உங்கள் விலாசத்தை இந்தியில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் நமக்குத் தமிழே வராது, இந்தி எங்கே வரும்? காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுத்துப் போவது, விடாத காய்ச்சல் இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் உபாதை தீராதவர்கள் உண்டு. அவர்கள் பாசாங்கு செய்யவில்லை; வலி நிஜம்தான். தூக்கமின்மை, கவலை, பகலெல்லாம் பூட்டிய ஃபிளாட்டில் தனியாக இருப்பது எல்லாம் வலியைப் பெரிதாக்கும். கொஞ்சம் நடை, கொஞ்சம் வெயில், பேச ஒரு ஆள் இருந்தால் நிச்சயம் ஆறுதல் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். என்று, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எதனால் விட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பெரியவர் எந்த வார்த்தையில் சொன்னாரோ அதே வார்த்தையில் எழுதுங்கள். "பஞ்சு மேலே நடக்கற மாதிரி" என்று அன்று நான் எழுதி வைத்திருந்தால், மறுநாள் படித்தபோதாவது எனக்கு உறைத்திருக்கும்.