நைஜீரியர்களின் வியர்வைப் பணம்: நமக்கும் ஒரு பாடம்

லண்டனிலும் ஹூஸ்டனிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தை நம்பி லாகோஸிலும் கானோவிலும் ஏராளமான வீடுகள் இருக்கின்றன. வளைகுடாப் பணத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது புரியும்.

2023 ஜூனில் நைஜீரிய மத்திய வங்கி நைராவின் மதிப்பைச் சந்தையிடமே விட்டது. அதற்கு முன் டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024இல் 1,500ஐத் தாண்டியது. நைராவாகச் சேர்த்தவரின் பணம் டாலர் கணக்கில் மூன்றில் ஒரு பங்கானது.

இத்தகைய நெருக்கடிதான் மோசடிக்காரர்களுக்கு மூலதனம். பொருளாதாரம் சரிந்த 2016இலும், மாதம் 30 சதவீதம் தருவதாகச் சொன்ன 'எம்.எம்.எம்.' திட்டத்தில் மக்கள் குவிந்தார்கள். டிசம்பரில் அது கணக்குகளை முடக்கியது.

ஹலாலான வழியும் அங்கே உண்டு. 2017இல் அரசு சாலைப் பணிகளுக்காக 10,000 கோடி நைராவுக்கு முதல் சுக்கூக் வெளியிட்டது. குறைந்தது 10,000 நைரா இருந்தால் சாமானியரும் சேரலாம். கிடைப்பது வட்டியல்ல, சொத்தின் வாடகை. ஆனால் நைரா சரிந்தால் இதன் மதிப்பும் சரியும். எனவே டாலரில் வரும் பணத்தில் ஒரு பகுதியை, வட்டி சேராத டாலர் கணக்கிலேயே வைப்பது நல்லது.

நாணயம் மாற்றுவதிலும் கவனம் தேவை. விலையை இருவரும் பேசி முடிவு செய்யலாம்; ஆனால் கைக்குக் கை மாற வேண்டும். "இன்று டாலர் கொடு, அடுத்த வாரம் நைரா தருகிறேன்" என்பது மார்க்கத்தில் கூடாது.

லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அது பிள்ளைகளின் அமானிதம்.