ஆர் டொராடசு

ஆர் டொராடசு என்பது தென்வானில் டொராடோ விண்மீன் தொகுதியில் காணப்படும் ஒரு செம்பெருமீன் ஆகும். இது ஒளிர்வு மாறும் விண்மீன்களுள் ஒன்று. புவியிலிருந்து ஏறத்தாழ 180 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. சூரியனைத் தவிர்த்து, புவியிலிருந்து நோக்கும்போது மிகப் பெரிய தோற்ற விட்டம் கொண்ட விண்மீனாக இது கருதப்படுகிறது.

பெயரும் அமைவிடமும்

ஒரு தொகுதியில் கண்டறியப்படும் மாறும் விண்மீன்களுக்கு ஆங்கில எழுத்து 'ஆர்' முதற்கொண்டு பெயரிடுவது வழக்கம். அவ்வழக்கப்படியே இவ்விண்மீன் இப்பெயர் பெற்றது. வானநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 62 பாகை தெற்கே அமைந்திருப்பதால், 28 பாகை வட அகலாங்கிற்கு வடக்கே வாழ்வோர் இதனைக் காண இயலாது.

தோற்ற அளவு

1997 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இதன் கோண விட்டம் 0.057 கோண நொடி என அளவிடப்பட்டது. இது முழுநிலவின் தோற்ற விட்டத்தில் ஏறத்தாழ 30,000இல் ஒரு பங்கே. எனினும் அதுவரை முதலிடத்தில் இருந்த திருவாதிரையை இது விஞ்சியது. திருவாதிரை இதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் தொலைவு மிகுதியால் சிறிதாகத் தோன்றுகிறது.

ஒளிர்வு மாற்றம்

இதன் தோற்றப் பருமன் 4.8 முதல் 6.6 வரை மாறுகிறது. எண் கூடக்கூட ஒளி குறையும் என்பதால், மங்கிய நிலையில் இதனை வெறுங்கண்ணால் காண்பது அரிது. விண்மீன் விரிந்து சுருங்குவதே இம்மாற்றத்திற்குக் காரணம். ஏறத்தாழ 70 ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட கண்ணோக்குப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இதன் துடிப்பு 332 நாள், 175 நாள் ஆகிய இரு அலைவுக் காலங்களுக்கிடையே மாறி மாறி நிகழ்வது 1998இல் தெரியவந்தது.

இதன் குளிர்ந்த வளிமண்டலத்திலுள்ள டைட்டானியம் ஆக்சைடு கட்புல ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. கண்ணுக்கு மங்கலான இவ்விண்மீன், அண்மை அகச்சிவப்புக் கதிர்களில் வானின் மிக ஒளிமிக்க விண்மீன்களுள் ஒன்றாக விளங்குவது இதனால்தான்.

மேற்பரப்புக் குமிழிகள்

2023 சூலை, ஆகத்து மாதங்களில் சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கி இதன் மேற்பரப்பைப் படம்பிடித்தது. உள்ளிருந்து வெப்பத்தைச் சுமந்து எழும் வளிமக் குமிழிகள், ஒவ்வொன்றும் சூரியனைப் போல் ஏறத்தாழ 75 மடங்கு பெரியனவாக, அப்படங்களில் தெரிந்தன. சூரியனைத் தவிர வேறொரு விண்மீனில் இக்குமிழிகளின் இயக்கம் இத்தனை விரிவாகத் தொடர்ந்து பதிவானது இதுவே முதன்முறை. 2024இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, குமிழிகள் ஏறத்தாழ ஒரு மாதச் சுழற்சியில் இயங்குகின்றன. இது எதிர்பார்க்கப்பட்டதைவிட விரைவானது.

சூரியனின் எதிர்காலம்

ஆர் டொராடசின் நிறை சூரியனின் நிறையை ஒத்தது. விட்டமோ ஏறத்தாழ 350 மடங்கு. சூரியனின் இடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, புவி ஆகிய மூன்றும் இதனுள் அடங்கிவிடும். கருவிலுள்ள ஐதரசன் தீர்ந்தபின் விண்மீன் இவ்வாறு வீங்குகிறது. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் சூரியனும் இந்நிலையை அடையும் என்பதால், இவ்விண்மீனை ஆராய்வது நமது ஞாயிற்றின் முதுமையை முன்கூட்டியே அறிவதாகும்.